வேலியோரத்து உண்ணிச்செடி: மாட்டுக்கு ஏன் நஞ்சாகிறது, நிலத்திலிருந்து எப்படி அகற்றுவது?

கேள்வி: பாலமேட்டுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பாலமேட்டுக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. அப்பா காலத்தில் கிளுவை வேலியாக இருந்த வடக்கு எல்லை, பராமரிப்பு இல்லாமல் போனதால், இன்று முழுவதும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. ஆள் நுழைய முடியாத புதராக வளர்ந்ததோடு நில்லாமல், ஒவ்வொரு மழைக்காலமும் நிலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறது.

சந்தையில் வாங்கி வந்த கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசு ஒன்று, கோடையில் புல் கருகிப்போன சமயத்தில் அந்த வேலியோரம் மேய்ந்தது. அதன்பின் இரை எடுக்கவில்லை, அசை போடவில்லை, சாணம் கறுத்து இறுகிப் போயிற்று, கண் மஞ்சளித்தது. அடுத்து மூக்கு நுனியிலும் மடிக்காம்புகளிலும் தோல் வெடித்து உரியத் தொடங்கியது. எனக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால், உடம்பில் வெள்ளை நிறம் உள்ள இடங்களில் மட்டும் தோல் வெந்து உரிந்ததே தவிர, கறுப்பு நிறம் உள்ள இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் வந்து பார்த்து, உண்ணித்தழை தின்றதால் வந்த நஞ்சு என்று சொல்லி மருத்துவம் செய்தார், பசு பிழைத்துக்கொண்டது. அதே வேலியோரம் நெடுங்காலமாக மேயும் எங்கள் நாட்டு மாடுகளுக்கு இதுவரை எதுவும் நேர்ந்ததில்லை.

இந்தச் செடியை முழுவதுமாக அகற்றிவிட முடிவு செய்திருக்கிறேன். வெட்டி எரித்தால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார் மருந்துக் கடைக்காரர். செடியின் நஞ்சு மண்ணிலும் இறங்கியிருக்கும், அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்கு எதுவும் விளையாது என்கிறார் இன்னொருவர். என் மகளோ, இவ்வளவு வண்ணத்துப்பூச்சிகள் வரும் செடியை ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்கிறாள். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: உசிலம்பட்டி கால்நடை மருத்துவர்

பாலமேட்டு அன்பருக்கு வணக்கம். மண்ணைப் பற்றியும் வேலியைப் பற்றியும் மற்றவர்கள் சொல்லட்டும். மாட்டைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். நீங்கள் கவனித்த வெள்ளை, கறுப்பு வேறுபாட்டிலேயே இந்த நோயின் இயக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

உண்ணி இலையில் லாண்டடீன் ஏ, லாண்டடீன் பி எனப்படும் ட்ரைடெர்பினாய்டு வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. இவை குடலில் உறிஞ்சப்பட்டு ஈரலைச் சென்றடைந்ததும், ஈரல் செல்களுக்கு இடையே பித்தநீர் வடிந்து செல்லும் மிக நுண்ணிய குழாய்களைத் தாக்குகின்றன. பித்தநீர் குடலுக்கு வராமல் ஈரலிலேயே தேங்கும்போது, கடைமடை அடைபட்ட வாய்க்காலில் தண்ணீர் கரையேறுவதைப் போல, அதனுடன் வெளியேற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் ஏறுகின்றன. அப்படி ஏறும் பிலிருபின்தான் கண்ணை மஞ்சளாக்குகிறது. அதனுடன் ஏறும் இன்னொரு பொருளே தோலை உரிக்கிறது. மாடு தின்னும் எந்தப் பச்சைத் தழையிலும் பச்சையம் இருக்கும். அதைப் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது ஃபில்லோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகிறது. நலமாக உள்ள மாட்டில் இது பித்தநீரோடு கலந்து சாணத்தில் போய்விடும். பித்தநீர் அடைபட்ட மாட்டிலோ, அது இரத்தத்தின் வழியே தோலுக்கு வந்து தங்கி, வெயில் பட்டவுடன் ஒளியின் ஆற்றலை வாங்கிச் சுற்றியுள்ள திசுக்களைச் சிதைக்கிறது. கறுப்புத் தோலில் உள்ள மெலனின் நிறமி ஒளியைத் தடுத்துவிடுவதால் அங்கே புண் வருவதில்லை. வெள்ளைத் தோல், மூக்கு நுனி, காது, மடிக்காம்பு ஆகிய இடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே, தோலில் தெரியும் புண்ணுக்கு மூலம் ஈரலில் இருக்கிறது. புண்ணுக்கு மட்டும் களிம்பு தடவிவிட்டு மாட்டை வெயிலில் கட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இந்த நஞ்சின் கொடுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஈரல் பாதிக்கப்பட்டவுடன் பெருவயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது. அசைவு நின்றால் தின்ற தழை அங்கேயே தங்கிவிடும். தங்கிய தழையிலிருந்து நஞ்சு தொடர்ந்து கசிந்து ஈரலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மாடு ஒரு வேளை மட்டும் தின்றிருந்தாலும் பல நாள்கள் நோய் நீடிப்பதற்கு இதுவே காரணம். தூளாக்கிய செயலூட்டப்பட்ட கரியை அதிக அளவில், உப்புகள் சேர்ந்த நீரில் கரைத்து வாய்வழியாகச் செலுத்தினால், அது பெருவயிற்றில் மிஞ்சியிருக்கும் நஞ்சைப் பற்றிக்கொள்ளும். உடல் எடை ஒரு கிலோவுக்கு ஐந்து கிராம் என்ற கணக்கில், ஒரு பெரிய மாட்டுக்கு இரண்டு கிலோவுக்கும் மேலாகத் தேவைப்படலாம். அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது. கரைசலை நீங்களே ஊற்றவும் வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் மாடு அங்கேயே சாயும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அது வரும்வரை மாட்டை இருண்ட நிழலில் கட்டி, குடிக்கத் தண்ணீர் வையுங்கள்.

உங்கள் நாட்டு மாடுகளுக்கு எதுவும் நேராதது, அவற்றின் உடம்பில் ஏதோ எதிர்ப்புச் சக்தி இருப்பதால் அன்று. அந்த நிலத்திலேயே வளர்ந்தவை என்பதால் அந்த இலையின் நெடியை அறிந்து ஒதுக்குகின்றன. வெளியிலிருந்து வாங்கி வந்த மாடு, பசித்த மாடு, வறட்சிக் காலத்து மாடு ஆகியவையே பெரும்பாலும் இதில் சிக்குகின்றன. வெட்டிப் போட்டுக் காய்ந்த தழையிலும் லாண்டடீன் அழியாமல் இருக்கும் என்பதால், நீங்கள் அகற்றும்போது குவியலை மாடு எட்டாத இடத்தில் போடுவது மிக முக்கியம்.

பதில்: தாவரவியல் ஆசிரியை, மேலூர்

மருத்துவர் ஐயா எழுதியதற்குத் தொடர்ச்சியாகச் செடியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

லந்தானா கமாரா என்று 1753-இல் லின்னேயஸ் பெயரிட்ட இந்தச் செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஐரோப்பியர் அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூடங்களில் அழகுக்காக வளர்த்து, ஒன்றோடொன்று கலந்து பல வகைகளை உருவாக்கினார்கள். இன்று நம் வேலிகளில் நிற்பது காட்டில் தானாகத் தோன்றிய ஓர் இனம் என்பதைவிட, தோட்டக்காரர்கள் கைப்பட உருவான கலப்பினங்களின் கூட்டம் என்பதே பொருத்தம். பூவின் நிறம், முள்ளின் அளவு, நஞ்சின் அளவு ஆகியவை செடிக்குச் செடி மாறுவதும் இதனால்தான். இந்தியாவுக்கு அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியக் காடுகளில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது பரவியிருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் அளவு புரியும். சீமைக்கருவேலத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போன நம் பக்கத்தில், மலையடிவாரங்களை விழுங்கிவரும் இந்தச் செடியைப் பற்றி எவரும் அவ்வளவாகப் பேசாதது எனக்கு நெடுநாள் குறை.

உங்கள் மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரே பூங்கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் செம்மையும் இருப்பதை அவள் கவனித்திருப்பாள். மலரும்போது மஞ்சளாக இருக்கும் பூவில் பீட்டா கரோட்டின் தெரிகிறது. இலைப்பேன் போன்ற சிறு பூச்சிகளோ வண்ணத்துப்பூச்சிகளோ வந்து மகரந்தம் சேர்ந்தபின், ஆந்தோசயனின் நிறமி உருவாகி அந்த மஞ்சளை மறைத்துவிடுகிறது. மகரந்தச் சேர்க்கையே இந்த நிறமாற்றத்தைத் தூண்டுகிறது என்பதை இந்திய ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். தேன் உள்ள புதுப்பூ மஞ்சள், வேலை முடிந்த பூ சிவப்பு என்று பூச்சிகளும் கற்றுக்கொள்கின்றன. ஆனாலும் செடி பழைய பூவை உதிர்க்காமல் வைத்திருப்பதால் தொலைவிலிருந்து பார்க்கும்போது கொத்து பெரிதாகத் தெரிந்து, அவற்றை வரவழைக்கிறது. இவ்வளவு நுட்பமாக அமைந்த செடியை வெறுக்க எனக்கும் மனம் வருவதில்லை. ஆனால் வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது. புழுப்பருவத்தில் தின்ன இலை வேண்டும். நம்மூர் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் உண்ணி இலையைத் தின்று வளர்வதில்லை. அவற்றுக்கு வேண்டிய எருக்கு, ஆவாரை, கறிவேப்பிலை, நார்த்தை ஆகியவற்றில் ஓரத்தில் தானாக முளைக்கும் எருக்கையும் ஆவாரையையும் இந்தப் புதர் நெருக்கி அழித்துவிட்டால், தேன் கடை திறந்திருந்தும் வாங்க ஆள் பிறக்காது.

மண்ணில் நஞ்சு தங்கும் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. உண்ணி இலைச் சாற்றிலும் சருகிலும் உள்ள பீனால் வகைச் சேர்மங்கள், மற்ற விதைகள் முளைப்பதைத் தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் பல காட்டியிருக்கின்றன. ஆனால் கண்ணாடித் தட்டில் வடிகட்டிய சாற்றை ஊற்றி விதையை வைப்பதும், மழையும் நுண்ணுயிரும் உள்ள வயல் மண்ணும் ஒன்றல்ல. பீனால் சேர்மங்களை மண்ணின் நுண்ணுயிரிகள் சிதைத்துவிடுகின்றன. என் கணிப்பில், புதருக்கு அடியில் எதுவும் முளைக்காததற்கு இரசாயனத்தைவிட இருட்டே பெரிய காரணம். செடியை எடுத்து வெயில் பட்டதும் புல் முளைக்கும். முதல் ஆண்டே கொள்ளோ தட்டைப்பயறோ விதைத்துப் பார்க்கலாம். அதே வெயிலில் உண்ணியின் விதைகளும் முளைக்கும் என்பதுதான் உண்மையான சிக்கல்.

கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று, மரத்தில் அமர்ந்து எச்சமிடும் இடங்களிலெல்லாம் அது முளைக்கிறது. ஆகவே உங்கள் நிலத்தில் வேம்போ புளியோ நின்றால், புதிய கன்றுகளை முதலில் அவற்றின் அடியில்தான் தேட வேண்டும்.

பதில்: நத்தம் சாலை

ஆசிரியை அம்மா மண்ணைப் பற்றிச் சொன்னதை நானும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். நான் அகற்றும் முறையைச் சொல்கிறேன்.

எரிப்பதை முதலில் விட்டுவிடுங்கள். உண்ணியின் காய்ந்த குச்சிகள் வேகமாகப் பற்றி, தரையோடு நில்லாமல் மரத்தின் கிளைவரை தீயை ஏற்றிவிடும். தீயில் புல்லும் மரக்கன்றும் சாகும். உண்ணியோ அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். மலையடிவாரத்தில் தீ காப்புக்காட்டுக்குள் போனால் வழக்கும் வரும். அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டுவதும் பயனற்றது; ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் கிளைக்கும். களைக்கொல்லி அடித்தால் இலை கருகும். ஆனால் பெரிய தூரில் அடிக்கட்டை உயிரோடு மிஞ்சி மறுபடி தழைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தில்லிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வகுத்து, கார்பெட் புலிகள் காப்பகம் போன்ற இடங்களில் கையாண்ட முறை ஒன்று இருக்கிறது. உண்ணி மீண்டும் துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான். எனவே மண்ணுக்குக் கீழே சில விரற்கடை ஆழத்தில், அந்தக் கழுத்துக்கும் கீழே, ஆணிவேரை வெட்டிவிட்டால் எஞ்சிய வேர் துளிர்ப்பதில்லை. முழு வேரையும் தோண்டத் தேவையில்லை; மண்ணும் அதிகம் கிளறப்படாது. கவைக்கம்பால் புதரை ஒருபுறம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் கடப்பாரையாலோ களைக்கொத்தாலோ வேரை வெட்ட வேண்டும். வெட்டியதைத் தலைகீழாக, வேர்ப்பகுதி வானத்தைப் பார்க்கும்படி போட்டுக் காயவிட வேண்டும். தண்டு ஈரமண்ணில் படுத்தால் கணுவில் வேர்விடும்.

ஐப்பசியின் முதல் மழை பெய்து மண் இளகியதும், காய்கள் பழுப்பதற்கு முன், இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. பழுத்தபின் வெட்டினால் நீங்களே விதைத்ததாக ஆகிவிடும். அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களில் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உறை அணியாமல் பிடுங்கினால் கை அரிக்கும்.

இலை வீணாக வேண்டாம். ஆடு மாடு தின்னாத இலைகளை ஊறவைத்துப் பூச்சிவிரட்டி செய்யும் நம்மவர் வழக்கத்தில், வேம்பு, நொச்சி, ஆடாதொடை, எருக்கு ஆகியவற்றோடு உண்ணியும் சேரும். காய்ந்த குச்சியை அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நீலகிரிப் பக்கம் பழங்குடி மக்கள் இதன் தண்டை வேகவைத்து, வளைத்து, ஆளுயரத்துக்கும் மேலான யானை உருவங்களைச் செய்து வெளிநாடுகள்வரை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்; நமக்கு அந்தக் கைத்திறம் வராது என்றாலும் கூடை முடைவோர் எவரேனும் ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பதில்: நாகமலை நடையர்

மேலே எழுதியவற்றை மறுக்கவில்லை. ஆனால் ஒரே மூச்சில் வேலி முழுவதையும் அகற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சிறுமலை அடிவாரம் என்றால் நிலம் சரிவாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் கொட்டும் இயல்புடையது. அந்த நேரத்தில் சரிவை மொட்டையாக்கினால், செடியோடு சேர்ந்து மேல்மண்ணும் ஓடைக்குப் போய்விடும். கௌதாரி, சிலம்பன் போன்ற பறவைகளும், கீரியும், முயலும் வேறு புதர் இல்லாத இடத்தில் இந்தப் புதரைத்தான் ஒதுங்கிடமாகக் கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அது அயல்செடி என்பது தெரியாது.

எனவே பட்டை பட்டையாகப் பிரித்து, ஓர் ஆண்டில் ஒரு பகுதியை மட்டும் அகற்றி, அங்கே மாற்றுச்செடி வேர் பிடித்தபின் அடுத்த பகுதிக்குப் போங்கள். உங்கள் அப்பா வைத்திருந்த கிளுவையே மிகச் சரியான மாற்று. போத்து வெட்டி நட்டால் போதும்; மழை குறைந்தாலும் நிற்கும்; முள்ளும் உண்டு. அதனிடையே நொச்சியும் ஆடாதொடையும் வைக்கலாம். வேலியின் உட்புறத்தில் கொழுக்கட்டைப்புல் விதைத்தால் மண்ணையும் பிடிக்கும், மாட்டுக்கும் ஆகும். உண்ணிக்கு வெளிச்சம் வேண்டும். நிழலில் அது நலிந்துபோகும். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டால் மூன்று ஆண்டுகளில் பழைய நிலை திரும்பும். மேய்ச்சலாலும் தீயாலும் வெட்டாலும் திறந்துபோன காட்டில்தான் உண்ணி கால் ஊன்றியது. மூடிய காட்டுக்குள் அது எளிதில் நுழைந்ததில்லை. செடியின் மீது மட்டும் பழி போடுகிறவர்களிடம் நான் எப்போதும் இதைச் சொல்வதுண்டு.

பூச்சிகளைக் கொண்டு ஒழிக்கலாமே என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஹவாய்த் தீவில் 1902-லேயே மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். களையைப் பூச்சியால் அடக்க நடந்த தொடக்க கால முயற்சிகளில் அது ஒன்று. இந்தியாவிலும் அப்படிச் சில பூச்சிகள் கொண்டுவரப்பட்டன. அவை இன்றும் இலையைக் கடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. செடியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று: உங்கள் எல்லைக்கு அப்பால் காப்புக்காடு இருந்தால், அங்குள்ள செடியில் வனத்துறையின் அனுமதியின்றிக் கை வைக்காதீர்கள். அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

கேட்டவரின் மறுமொழி: பாலமேட்டுக்காரன்

அனைவருக்கும் நன்றி. நடையர் அண்ணன் சொன்னபடி ஓடையை ஒட்டிய சரிவைக் கடைசிக்கு விட்டுவிட்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கத்துப் பகுதியை இந்த ஐப்பசியில் எடுக்கலாம் என்று இருக்கிறேன். கிளுவைப் போத்துக்குப் பக்கத்து ஊரில் சொல்லிவைத்துவிட்டேன். மருத்துவர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம். ஆடுகள் இந்தத் தழையை அவ்வப்போது கடிப்பதைப் பார்க்கிறேன், அவற்றுக்கு ஆபத்தில்லையா? சிறு வயதில் நாங்கள் இதன் கறுத்த பழங்களைப் பறித்துத் தின்றிருக்கிறோம். இப்போது என் பிள்ளைகளும் தின்கிறார்கள். தடுக்க வேண்டுமா?

பதில்: உசிலம்பட்டி கால்நடை மருத்துவர்

ஆடு பல செடிகளை மாற்றி மாற்றிக் கடிக்கும் இயல்புடையது என்பதால், ஒரே நேரத்தில் அதிக அளவு உண்ணி வயிற்றுக்குள் போவது அரிது. ஆயினும் நஞ்சு ஆட்டையும் செம்மறியையும் விடாது. வேறு தழை இல்லாத கோடையில் பட்டியை அந்த வேலியோரம் போடாதீர்கள். வெட்டிய குவியலுக்குப் பக்கத்தில் ஆட்டைக் கட்டுவதும் கூடாது.

நான் மனிதருக்கான மருத்துவன் அல்லன் என்றாலும், பிள்ளைகள் விஷயத்தில் இதைச் சொல்லலாம். நன்றாகக் கறுத்துப் பழுத்ததைக் கிராமங்களில் நெடுங்காலமாகத் தின்று வருகிறார்கள். பச்சைக் காயைத் தின்ற குழந்தைகளுக்கு நோய் கண்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. காய்க்கும் பழத்துக்கும் வேறுபாடு பார்க்கத் தெரியாத வயதுப் பிள்ளைகளைப் புதருக்கருகே விடாமல் இருப்பதே பாதுகாப்பு. காய் தின்ற பிள்ளைக்கு வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குதல் என்று ஏதேனும் தெரிந்தால், வீட்டு மருந்து எதுவும் கொடுக்காமல், செடியின் ஒரு கிளையையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.